கிராம் வரியும் கிராம வரியும்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கறி வாங்கிக்கொண்டு வந்து வண்டியை நிறுத்தும்போதே பார்த்தேன், மச்சான் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்காரியின் தம்பி. காரியம் இல்லாமல் வருகிற ஆள் கிடையாது. டீ குடித்து முடிக்கிற வரைக்கும் மழை, கரும்பு வெட்டுக்கூலி என்று சுற்றிவிட்டு, டம்ளரைக் கீழே வைத்ததும் ஆரம்பித்தான்.

“மாமா, கார் எடுக்கப் போறேன். பதினாலு லட்சம் வருது. ஒங்க அட்ரஸ்ல பதிஞ்சுக்கட்டுமா?”

எங்கள் ஊர்ப்பக்கம் வராதவர்களுக்கு இந்தக் கேள்வியின் அர்த்தம் புரியாது. கரையாம்புத்தூர் புதுச்சேரியைச் சேர்ந்தது, பாகூர் கொம்யூன். ஆனால் இங்கிருந்து டவுனுக்குப் போகிற வழியில் தமிழ்நாடு வரும், போகும், மறுபடியும் வரும். பிரெஞ்சுக்காரன் எந்தெந்தக் கிராமம் எப்போது கைக்கு வந்ததோ அப்படி அப்படியே வைத்துக்கொண்டு போனதில், புதுச்சேரி வரைபடம் எலி கடித்த துணி மாதிரி ஆகிவிட்டது. மச்சான் வீடு எங்கள் கொல்லையைத் தாண்டி நடந்தால் பத்து நிமிஷம். ஆனால் அது தமிழ்நாடு. அவன் ரேஷன் வேறு, பஸ் பாஸ் வேறு, ஓட்டு வேறு. பைக்குக்கு மட்டும் நம் பக்கத்து பங்க்கில்தான் பெட்ரோல் போடுவான். லிட்டருக்கு நாலைந்து ரூபாய் மிச்சமாகும்போது யார்தான் போட மாட்டார்கள்? புதுச்சேரியைச் சேர்ந்த மாஹே பங்க்குகளில் கேரளாக்காரர்கள் வரிசையில் நிற்பதும் இதற்காகத்தான்.

கார் விஷயத்தில் மிச்சம் இன்னும் பெரிது. 2023 நவம்பரில் தமிழ்நாடு சாலை வரியை ஏற்றியது. புது கார் 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. மச்சானுடைய 14 லட்சத்துக்கு 18 சதவீதம் என்றால் 2,52,000 ரூபாய். எங்கள் பக்கம் அதைவிட வெகுவாகக் குறைவு. 2017-ல் கேரளத்துப் பெரிய மனிதர்கள் பலர், சினிமாக்காரர்கள் உள்பட, ஒரு கோடி ரூபாய்க் கார்களையெல்லாம் புதுச்சேரி முகவரியில் பதிந்து வைத்திருந்தது வெளியே வந்து பெரிய ரகளை ஆனது. அங்கே 20 லட்சம் கட்ட வேண்டிய வண்டிக்கு இங்கே ஒன்றிரண்டு லட்சத்தில் வேலை முடிந்தது. அவர்கள் இங்கே வாடகைக்குக்கூட ஒரு நாள் தங்கியிருக்க மாட்டார்கள். மச்சானாவது பத்து நிமிஷ தூரத்தில் இருக்கிறான்!

மோட்டார் வாகனச் சட்டத்தின் 40-வது பிரிவு தெளிவாகத்தான் இருக்கிறது: வண்டி வழக்கமாக எங்கே நிற்குமோ அங்கே பதிய வேண்டும். உன் வண்டி உன் வீட்டு வேப்ப மரத்தடியில் நிற்கப் போகிறது, அது விழுப்புரம் ஜில்லா, என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. அடுப்பங்கரையில் பாத்திரம் கொஞ்சம் சத்தமாக விழுந்தது.

பேச்சை மாற்றலாம் என்று, “வரி போடுறதுன்னா வெலையப் பாத்துப் போடக்கூடாது மச்சான், கிராம் கணக்குல போடணும்” என்றேன்.

“கிராமத்துக்கும் வரி போடப் போறாங்களா?” என்று கேட்டான் பாருங்கள்.

சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால், அவன் தப்பாகக் கேட்டதுதான் சரியான கேள்வி. அன்றிலிருந்து அதுதான் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்த நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் பிறகு வந்து படியுங்கள்.

முதலில் அந்தக் கிராம் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோதான் எடை. அதை எரித்தால் 2.3 கிலோ கரியமில வாயு வெளியே வரும். டீசல் என்றால் 2.7 கிலோ. முக்கால் கிலோவிலிருந்து எப்படி ரெண்டேகால் கிலோ வரும் என்று என் மகள் கேட்டாள். பெட்ரோலில் இருக்கிற கரி, காற்றிலிருக்கிற பிராணவாயுவைச் சேர்த்துக்கொண்டு போகிறது. 12 பங்கு கரி 32 பங்கு பிராணவாயுவோடு சேர்ந்து 44 ஆகிறது. ஆக, வண்டி எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்று தெரிந்தால் கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் என்பது வகுத்தல் கணக்குதான்.

என்னிடம் இருப்பது 2005 மாருதி 800. அப்பா வாங்கியது. லிட்டருக்கு 16 கொடுக்கிறது. 2,300-ஐ 16-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 144 கிராம். வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம்: வில்லியனூர் ஆஸ்பத்திரி, ரெண்டு கல்யாணம், தேர்த் திருவிழா, அம்மாவுக்கு மூச்சு முட்டினால் ராத்திரியில் ஒரு ஓட்டம். மொத்தம் 430 கிலோ. மச்சான் எடுக்கப் போவது டீசல். ரோட்டில் 13 கொடுத்தால் கிலோமீட்டருக்கு 208 கிராம். அவன் கடலூர், விழுப்புரம் என்று தினமும் அலைகிற காண்ட்ராக்டர், வருஷம் 22,000 கிலோமீட்டர் சாதாரணமாக ஓடும். நாலரை டன். என் வண்டியைப் போலப் பத்து மடங்கு.

இப்போது யார் வண்டி பார்வைக்கு ‘பழைய, புகை கக்குற’ வண்டி? என்னுடையது. 2022 ஏப்ரலில் 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வருஷம் தாண்டியதற்கு 10,000 ஆக்கினார்கள். நான் அந்த வருஷம் மார்ச்சிலேயே புதுப்பித்ததால் 5,000-த்தோடு தப்பித்தேன். தமிழ்நாட்டில் இருபது வருஷத்துக்கும் மேலாகவே பசுமை வரி என்று ஒன்று உண்டு, அதுவும் வண்டியின் வயசைப் பார்த்துத்தான். 2021 ஜனவரியில் மத்திய அரசு நாடு முழுக்கப் பசுமை வரி போட ஒரு யோசனையை ஏற்றதே, அதிலும் அளவுகோல் வயசுதான். டிராக்டருக்கும் அறுவடை மெஷினுக்கும் விலக்கு கொடுத்திருந்தார்கள், அது நல்ல காரியம்.

பழைய வண்டிக்காரன் என்பதற்காக ஒரு பக்கமாகப் பேசக்கூடாது. புகையில் ரெண்டு ஜாதி இருக்கிறது. மூக்கைக் கரிக்கிற, நெஞ்சை அடைக்கிற புகை ஒன்று. அதில் என் வண்டி நிச்சயமாகக் குற்றவாளிதான். 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டிகளுக்கு முன்னால் அது நிற்கவே முடியாது. வண்டிக்கடைகளில் பைப்பைச் சொருகிப் புகைச் சான்று கொடுக்கிறார்களே, அது பார்ப்பது இந்த ஜாதிப் புகையைத்தான். இன்னொன்று வாசனை இல்லாதது, கண்ணுக்குத் தெரியாதது, யாரையும் இரும வைக்காதது. பூமியைச் சுட வைப்பது அது. அதை அந்த பைப் பார்ப்பதில்லை. டெல்லி மாதிரி ஊரில் முதல் ஜாதிப் புகைக்காக வயசைப் பார்த்து வரி போட்டால் எனக்குப் புரிகிறது. கரும்புக் கொல்லைக்கு நடுவில் வருஷம் 3,000 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கும் அதே அளவுகோல் என்றால் எப்படி? ‘பழசைப் போட்டுவிட்டுப் புதுசு எடு’ என்பார்கள். ஒரு புதுக் காரை இரும்பிலிருந்து செய்து முடிக்கவே சில டன் வாயு வெளியே போகிறது. நாலு டன் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் என் வண்டியின் ஒன்பது வருஷ ஓட்டம் அது.

புது வண்டிக்கு என்ன பார்க்கிறார்கள்? ஜிஎஸ்டியில் நீளம் பார்க்கிறார்கள். தமாஷ் இல்லை. 2025 செப்டம்பர் 22-லிருந்து, 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் எஞ்சினும் (டீசல் என்றால் 1,500) இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40. இந்த 4 மீட்டர் கோடு 2006 பட்ஜெட்டிலிருந்தே இருக்கிறது. அதற்கு வண்டிக் கம்பெனிகள் செய்ததுதான் வேடிக்கை. முதலில் வந்த ஸ்விஃப்ட் டிசையர் 4,160 மில்லிமீட்டர் நீளம். 2012-ல் அதே வண்டி 3,995-ல் வந்து நின்றது. டிக்கியை நறுக்கிவிட்டார்கள்! வால் வெட்டிய ஆடு மாதிரி நம் ரோட்டில் இத்தனை குட்டை செடான்கள் ஓடுவதற்கு இந்த ஐந்து மில்லிமீட்டர் ஓரம்தான் காரணம். புகைபோக்கிக்கு டிக்கியின் நீளம் தெரியாது. ஆனால் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும்: எதை அளந்து வரி போடுகிறார்களோ அதைக் குறைக்க இன்ஜினியர்கள் ராப்பகலாக உட்காருகிறார்கள். கிராமை அளந்திருந்தால் கிராமை நறுக்கியிருப்பார்கள்.

கிராம் கணக்கு நம் நாட்டில் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கம்பெனிகளுக்கு இருக்கிறது. ஒரு கம்பெனி ஒரு வருஷத்தில் விற்கும் எல்லா கார்களின் சராசரி, 2022-23-லிருந்து கிலோமீட்டருக்கு 113 கிராம் என்ற அளவுக்குள் நிற்க வேண்டும். கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் நடக்கிற அந்தக் கணக்கு, வாங்குகிறவன் காதுக்கு வருவதே இல்லை.

இந்த இடத்தில் பாரீஸ் சித்தப்பாவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கம் ‘சொல்தா’ குடும்பம் இல்லாத தெரு குறைச்சல். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள், 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள், அவர்கள் பிள்ளைகள். சித்தப்பா பாரீசுக்கு வெளியே இருக்கிறார். போனில் கேட்டதற்கு அரைமணி நேரம் கொட்டித் தீர்த்தார். அங்கே 2008-லிருந்து ‘பொனுஸ்–மாலுஸ்’ என்று ஒரு ஏற்பாடு. புதுக் கார் பதியும்போது கிராம் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் 130-க்குள் இருந்தால் அரசாங்கம் நமக்குப் பணம் தரும், 160-ஐத் தாண்டினால் தண்டம். வருஷா வருஷம் கயிற்றை இறுக்கிக்கொண்டே வந்தார்கள். 2024-ல் 118 கிராமிலேயே தண்டம் தொடங்கிவிட்டது, உச்சம் 60,000 யூரோ. சித்தப்பாவுக்கு ஒரு பெரிய ஜெர்மன் கார் மேல் ரொம்ப நாளாகக் கண். “மாலுஸைப் பாத்தேன், மொவனே, சின்னக் காரே போதும்னுட்டேன்” என்றார். மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ இருக்கும் குடும்பத்துக்குப் பிள்ளை ஒன்றுக்கு 20 கிராம் கழித்துக்கொள்கிறார்கள். பெரிய வண்டி ஆடம்பரத்துக்கா, தேவைக்கா என்று ஒரு வரிச் சட்டம் இவ்வளவு தூரம் யோசித்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அதிலும் ஓட்டை இருந்திருக்கிறது. பணம் தருகிறார்கள் என்றதும் ஜனங்கள் விழுந்தடித்துச் சின்னக் கார்களை வாங்கினார்கள். பின்னால் பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டபோது, புதுக் கார்களின் சராசரி கிராம் இறங்கியது, மொத்தப் புகை ஏறியது என்று வந்தது. கார் வாங்காமல் இருந்திருக்கக் கூடியவனும் வாங்கிவிட்டானே! இன்னொரு கோளாறு ஐரோப்பா பூராவும் நடந்தது. டீசல் எஞ்சின் அதே தூரத்துக்குக் குறைவாகக் குடிக்கும், அதனால் கிராம் குறையும். பிரிட்டன் 2001-லேயே கிராம் வரி கொண்டுவந்தது, கூட்டம் டீசல் பக்கம் சாய்ந்தது. கண்ணுக்குத் தெரியாத புகை குறைந்து, நெஞ்சை அடைக்கிற புகை நகரங்களில் ஏறியது. அதற்கு மேல் 2015-ல் ஃபோக்ஸ்வேகன் சோதனைக் கூடத்தில் ஒரு மாதிரியும் ரோட்டில் ஒரு மாதிரியும் நடக்கும் வண்டிகளை விற்று மாட்டியது. கம்பெனி சொல்லும் மைலேஜை வாங்கியவன் யார்? நமக்கு இது புதுசு இல்லை. ஆக, கிராம் வரி போட்டால் ரெண்டு ஜாதிப் புகையையும் ரோட்டில் வைத்து அளக்க வேண்டும்.

இலங்கையில் 2019-ல் கார்பன் வரி என்று ஒன்றைப் போட்டார்கள். எஞ்சின் சிசியையும் வண்டியின் வயசையும் வைத்துக் கணக்கு. ஏறக்குறைய ஒரே வருஷத்தில் தூக்கிவிட்டார்கள். பெயரில் கார்பன், அளவில் சிசி.

‘இவ்வளவு எதற்கு, பெட்ரோல் மேல் வரி போட்டால் போதாதா, ஓடுகிறவன் கட்டட்டும்’ என்று நானும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். நியாயமான வாதம்தான். எரிக்கிற சொட்டுக்கு வரி என்பதை விட நேரான கிராம் வரி வேறு இல்லை. (லிட்டருக்கு அதிகம் கக்கும் டீசலுக்குப் பெட்ரோலை விடக் கலால் குறைவு என்பது நம் நாட்டுக் கூத்து. லாரியும் பஸ்ஸும் தண்ணி இறைக்கிற எஞ்சினும் அதில் ஓடுகின்றன, அதனால் கை வைக்கத் தயக்கம்.) என் மனதை மாற்றியது 2018 நவம்பரில் பிரான்சில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு ரோட்டை மறித்தவர்கள். சித்தப்பா அப்போது தினமும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். முதலில் இறங்கியதில் நிறைய பேர் பாரீஸ்காரர்கள் இல்லை, பஸ்ஸும் ரயிலும் சரியாக எட்டாத ஊர்க்காரர்கள். டீசல் வரி ஏறினால் மெட்ரோவில் ஏறிக்கொள்ளலாம் என்று சொல்ல அவர்களுக்கு மெட்ரோ இல்லை. கடைசியில் 2019 ஜனவரிக்கு வைத்திருந்த வரி உயர்வை அரசாங்கம் டிசம்பரிலேயே கைவிட்டது.

அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு எங்கள் பஸ் நிறுத்தம்தான் ஞாபகம் வரும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அம்மாவுக்கு முடியாமல் போனால் பெட்ரோல் நூறு ரூபாயோ இருநூறு ரூபாயோ, நான் வண்டியை எடுத்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில் எந்த வரியும் என்னைத் திருத்த முடியாது, என்னிடம் பறிக்கத்தான் முடியும். மச்சான் கேட்டானே, கிராமத்துக்கும் வரியா என்று, அது இதுதான். வேறு வழி இல்லாதவனிடம் போடுகிற வரிக்கு என்ன பச்சை வர்ணம் பூசினாலும் அது கிராம வரி.

வேறு வழி எப்போது இருக்கிறது? ஷோரூமில் நிற்கும்போது. 14 லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதுவா அதுவா என்று மனிதன் யோசிக்கிற அந்த ஒரு மத்தியானத்தில்தான் வரிக்குக் காது கேட்கும். அங்கே வாங்கும் முடிவு அடுத்த பதினைந்து இருபது வருஷத்துக்கு, மூன்று கை மாறினாலும், கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் என்று உறைந்துவிடுகிறது. அதனால் என் கட்சி இப்போது இது: பதிவு வரியை விலையிலிருந்தும் நீளத்திலிருந்தும் எடுத்து கிராம் மேல் வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டியை வயசுக்காக மிதிக்காதீர்கள், புகைச் சான்றை மட்டும் ஒழுங்காகப் பாருங்கள். வசூலைக் கார் வாங்குகிறவனுக்கே திருப்பிக் கொடுக்காமல் பஸ்ஸுக்குக் கொடுங்கள். லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுக்கும் டீசல் பஸ் கிலோமீட்டருக்கு 600 கிராம் கக்கும். ஐம்பது பேர் தொங்கிக்கொண்டு போனால் தலைக்கு 12 கிராம். மச்சான் கார் 208.

கரன்ட் வண்டிக்கு என்ன சொல்கிறாய் என்று கேட்பீர்கள். அதற்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், ஏதோ கிராமே இல்லாத மாதிரி. நம் நாட்டு மின்சாரம் யூனிட்டுக்குச் சராசரி 700 கிராமுக்கு மேல் கக்கித்தான் வருகிறது. எங்கள் ஊரிலிருந்து நெய்வேலி ரொம்ப தூரம் இல்லை, அங்கே பழுப்பு நிலக்கரியை எரிக்கிற புகைபோக்கி நம் ப்ளக் பாயிண்டின் மறுமுனை. நூறு கிலோமீட்டருக்கு 13 யூனிட் குடிக்கும் சின்ன கரன்ட் கார் கிலோமீட்டருக்கு 90 சொச்சம் கிராம். என் மாருதியை விட நல்லது. அதையே ரெண்டு டன் எடைக்கு ஊதி, 18 யூனிட் குடிக்க வைத்தால் 130. அது நல்ல சின்ன பெட்ரோல் காரின் அளவு. கிராம் பார்க்கும் வரி என்றால் இவை ரெண்டையும் ஒரே 5 சதவீதத்தில் படுக்க வைக்காது. பிரான்சில் 2022-லிருந்து எடைக்கும் தனியாக ஒரு தண்டம் வைத்திருக்கிறார்கள். சூரியத் தகடு பெருகப் பெருக அந்த 700 இறங்கும், கரன்ட் வண்டியின் கிராமும் கூடவே இறங்கும். பெட்ரோல் வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஒரு சிக்கலுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லாமல் இருந்தது. வண்டி வரி மாநிலத்தின் கையில் இருக்கிறது. தமிழ்நாடு மட்டும் நாளைக்கே நியாயமான கிராம் வரி கொண்டுவந்தால், கிராம் அதிகமான வண்டியெல்லாம் கரும்புக் கொல்லையைத் தாண்டி எங்கள் திண்ணைக்கு வந்து அட்ரஸ் கேட்கும். பிரெஞ்சுக்காரன் போட்ட கோட்டில் புகை நிற்காது, வரி மட்டும் நிற்கும். ஆகவே கிராமுக்கு இத்தனை ரூபாய் என்பது நாட்டுக்கே ஒன்றாக, ஜிஎஸ்டி மாதிரி, இருந்தாக வேண்டும். இருக்கிற ஜிஎஸ்டியிலேயே நீளத்தை அடித்துவிட்டுக் கிராமை எழுதினால் பாதி வேலை முடிந்தது.

இதையெல்லாம் மச்சானிடம் சொன்னேனா? பாதி சொன்னேன். மீதிக்கு முன்னால் சாப்பாடு வந்துவிட்டது. கறிக்குழம்பு ஊற்றும்போது வீட்டுக்காரி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

போன புதன்கிழமை அவன் ஷோரூமிலிருந்து போன் பண்ணினான். “மாமா, நீங்க சொன்ன கிராம் எத்தினின்னு கேட்டேன். சேல்ஸ்மேன் பையன், ‘சார், வண்டி வெயிட்டா?’ன்னு கேக்கறான்.” பின்னால் சிரிப்புச் சத்தம். அப்புறம் தான் முடிவு மாறியதைச் சொன்னான். பெரிய டீசலை விட்டுவிட்டானாம், ஒன்பது லட்சத்துச் சொச்சத்தில் பெட்ரோல் வண்டி. சாலை வரி 18-லிருந்து 13-க்கு இறங்குகிறது, ஜிஎஸ்டியும் 40-லிருந்து 18. அவன் ஊர் அட்ரஸிலேயே பதியப் போகிறான். வீட்டுக்காரியும் அன்று சாயங்காலம் டீ போட்டுக் கொடுத்தாள்.

ராத்திரி அந்த வண்டியின் அட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். பெரிதாக்கிப் பார்த்தேன். எஞ்சின் 1,197 சிசி. நீளம் 3,995 மில்லிமீட்டர். டிக்கி கொள்ளளவு, டச் ஸ்கிரீன் எத்தனை அங்குலம், எத்தனை ஸ்பீக்கர், கதவுக்குக் கீழே எரிகிற விளக்கு எத்தனை நிறம். கிராமை மேலிருந்து கீழே ரெண்டு தடவை தேடினேன். இல்லை.